சாமித்தட்டில் ஒரு மஞ்சள் பெட்டி

அத்தான் வீட்டுச் சாமித்தட்டில், முருகன் படத்துக்கும் என் அக்காவின் படத்துக்கும் நடுவில், ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. துப்பாக்கித் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி வைக்கும் பெட்டி. மூடியில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது.

அத்தானுக்குப் பாரிஸின் லாச்சப்பலில் உணவகச் சமையல் வேலை. கூட வேலைசெய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் 2010இல் அவரைக் குறிசுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனார். உரிமம் எடுத்தவர், பிறகு தோட்டாக்களுக்குத் தானே வெடிமருந்து நிறுத்து நிரப்பவும் பழகிக்கொண்டார்.

"நாட்டிலை வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இஞ்சை காசு கட்டி வெடிக்கிறியள்" என்று அக்கா நக்கலடிப்பாள்.

"கடதாசியைத்தானப்பா சுடுறன்."

"கடதாசிக்குப் பின்னாலை ஆரும் நிண்டால்?"

வட்டாரப் போட்டிக்குத் தெரிவாக வேண்டும் என்பது அத்தானின் ஆசை. அதற்குத் தடையாக இருந்தது ஒன்றுதான்: அவருடைய குண்டுகள் ஒரே வேகத்தில் போகவில்லை. வேகம் கூடினால் குறிக்கு மேலே படும், குறைந்தால் கீழே. சனிக்கிழமைகளில் வேகம் அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் இருந்து எண்களை வாசிப்பது என் வேலை. தராசை மாற்றினார், மருந்தை மாற்றினார், வெற்றுத் தோட்டாக் கோதுகளை ஒவ்வொன்றாய் அளந்து பிரித்தார். எண்கள் ஏறி இறங்கியபடியே இருந்தன. கோடையில் ஓரளவு அடங்கும். ஒக்டோபரில் கட்டடத்துக்குச் சோபாஜ், அதாவது குளிர்கால வெப்பமூட்டி, விட்டதும் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு எண்ணையும் வாசித்த எனக்குக்கூட அதன் பொருள் அப்போது விளங்கவில்லை.

2014 ஜனவரியில் அக்காவைப் புற்றுநோய்க்கு மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த மாதம் எண்கள் ஒழுங்காகிவிட்டன. குளிர் உச்சத்தில் இருந்தபோதும், ஒன்றையொன்று ஒட்டியபடி வந்தன. தெரிவுப் போட்டிக்கு ஒரு கிழமை இருந்தது. அக்காவிடம் சொல்லத்தான் இருவரும் போனோம். அத்தான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோப்பா, உந்தத் தோட்டாப் பெட்டியை ஆர் இப்ப சாமிக்கு முன்னாலை வைக்கிறது?"

"சாமிக்கோ?"

"நீங்கள் சனிக்கிழமையிலை குளிக்கப் போனாப் பிறகு அலுமாரியைத் திறந்து எடுத்து வைக்கிறனான். ஆரிலையும் பட்டிடக் கூடாதெண்டு கும்பிட்டிட்டு, திருப்பி வைச்சிடுவன்."

அத்தான் என்னைப் பார்த்தார். சாமித்தட்டுக்கு நேர்கீழே சோபாஜ். அதன் சூட்டுக் குழாய் தட்டின் ஒரு மூலையை உரசிக்கொண்டு மேலே போகிறது. குழாய்ப் பக்கத்துத் தோட்டாக்களில் மருந்து சூடேறி, குண்டைக் கூடுதல் வேகத்தில் தள்ளியிருக்கிறது. மற்றவை குளிர்ந்தபடியே இருந்திருக்கின்றன.

"இப்ப சரியாப் போகுதோ?" என்றாள் அக்கா.

"இல்லையப்பா. தாறுமாறாய்ப் போகுது. நீர் வந்து வைச்சால்தான் சரிவரும்."

"பாத்தியே தம்பி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்ப கெதியா வாறன்."

போட்டியன்று காலை அத்தான் தன் கையாலேயே பெட்டியைச் சாமித்தட்டில் வைத்தார், குழாயை ஒட்டி, அவள் வைத்திருக்கக்கூடிய இடத்தில். நான் தடுக்கவில்லை. எண்கள் சிதறின. அவர் தெரிவாகவில்லை. மார்ச்சில் அக்கா போய்விட்டாள்.

இன்றும் சனிக்கிழமைகளில் சுடப் போகிறார். எண்கள் சிதறுவதைப் பார்த்து மருந்தை மாற்றும்படி கழகத்தில் யாராவது சொன்னால், "ஓம், பாப்பம்" என்று தலையாட்டுவதோடு சரி. நேற்றுப் போயிருந்தபோது பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். குழாய்ப் பக்கம் சுட்டது. அக்காவின் படத்துப் பக்கம் குளிர்ந்திருந்தது.