கடைசி நெத்திலி

தங்கச்சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நந்திதுர்க் லைனில் பக்கத்து வீட்டுக்காரி நெத்திலிக் கருவாடு வறுத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். அந்த வாசம் என்னைக் கடலூர்த் துறைமுகத் தெருக்களில் கொண்டுபோய் விட்டது.

எனக்கு அப்போது ஏழு வயது. ஊரில் ஒரு முறுக்குக்கூட வாங்கித் தராத நைனா, உப்புக்காற்றில் சுவர் உரிந்த சரக்குக் கிட்டங்கித் தெருக்களில் கேட்டதையெல்லாம் வாங்கித் தந்தார். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், சுடச்சுடப் புட்டு, பனங்கிழங்கு. கடைசியில், மீன் வறுக்கிறவளிடம் ஒரு தொன்னை நெத்திலி.

"குந்தி துன்னு கண்ணு. நீ துன்னு முடிக்கிறதுக்குள்ள வந்துர்றேன்."

ஒரே ஒரு நெத்திலியை மட்டும் நான் தின்னவில்லை. தின்றுவிட்டால் நைனா பொய் சொன்னவராகிவிடுவாரே! விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் அடுப்பை அணைத்தாள்.

"அத்த துன்னுடி. உன் நைனா பினாங்குக் கப்பல் ஏறிட்டான். உன்ன வளத்துக்கச் சொல்லி காலையிலயே வந்து பேசிட்டுப் போனான்."

காலையிலேயே! அப்படியென்றால் நான் மாங்காய் கேட்டபோதே அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து கடைசி மீனை மிச்சம் வைத்தே பழகிவிட்டேன். இன்றும் வைத்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மே, அது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல" என்று வாயில் போட்டுக்கொண்டேன்.