ஐந்தாம் பாகத்துக்காரி

உம்முசல்மாவிடம் இருப்பது ஒரே ஒரு கதைப்புத்தகம். அதுவும் ஐந்தாம் பாகம். ‘கருமருதங்காடு’ என்கிற காட்டுக்கதை வரிசையில் அது மட்டும் அவள் தம்பி ஆசாத்தின் பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்திருந்தது. முன்னால் நாலு பாகம் இருக்கிறதே என்று அவள் மலைக்கவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியும் அடக்கம் என்ற சாமான் அவளிடம் வந்து சேரவே இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில், கல்யாணப் புடவைகளின் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் கூடம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றி அவளோடு வள்ளி, தையல்நாயகி, திரிஷா. கை ஜமிக்கி தைக்கும். காது உம்முசல்மாவின் வாயிலேயே கிடக்கும். அவள் சொல்லும் ஐந்தாம் பாகத்தில் வனக்காவல்காரி மருதிக்கு ஒரு கண் இல்லை. தினமும் விடியலில் ஏரியைக் கும்பிடுகிறாள். ஆனால் அதில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

"கண்ணு எப்டி போச்சி சல்மாக்கா?" என்றாள் வள்ளி.

"அது முன்பாகத்துல இருக்கும். நம்மகிட்ட இல்ல. அதனால இன்னா? பொடவையில முந்திய பாத்தா உடல் எப்டி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? நானே சொல்றேன், கேளு."

மழைக்காலம் முழுக்க நாலு பாகத்தையும் தானே கட்டிச் சொன்னாள். ஏரி வற்றிக் காடு தவித்தபோது மருதி தன் கண்ணைப் பிடுங்கி ஏரிக்குக் கொடுத்தாளாம்; அதிலிருந்துதான் தண்ணீர் ஊறியதாம். தன் கண்ணீரைத் தானே எப்படிக் குடிப்பாள்? வள்ளி ஊசியைப் போட்டுவிட்டு அழுதாள். அன்று உம்முசல்மா வீட்டுக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டுமே!

பொங்கல் கழிந்து, புத்தகக் கண்காட்சியிலிருந்து முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள் திரிஷா. "நெசக்கதை வந்துடுச்சிக்கா!"

உம்முசல்மா அந்தப் புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். சொன்னதெல்லாம் சும்மா அளந்தது என்று ஆகிவிட்டால், இனி எவள் தன்னிடம் கதை கேட்பாள்? ஆனால் வாய் விடுமா?

"படிடி. யாருக்கு பயம்?"

திரிஷா படித்தாள். நல்ல எழுத்துதான், உம்முசல்மாவே நடுவில் ‘அடேயப்பா’ என்றாள். கண் போகிற இடமும் வந்தது. வேட்டையில் குறி தப்பிய அம்பு பட்டு மருதிக்குக் கண் போயிற்று. அவ்வளவுதான். அடுத்த வரியில் யானை வந்துவிட்டது.

"அம்பா?" வள்ளியின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஏரிக்குக் குடுக்கலியா?"

திரிஷா பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "அப்டி ஒண்ணும் இல்லியேக்கா."

"அப்போ அஞ்சாம் பாகத்துல ஏன் அந்தத் தண்ணிய குடிக்காம கும்புட்டுக்கினு இருக்கா?" தையல்நாயகி சண்டைக்கே வந்துவிட்டாள். "அம்பு பட்டவளுக்கு ஏரிகிட்ட இன்னா வேலை?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. மூன்று பேரும் உம்முசல்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஒரு ஜமிக்கியை எடுத்து நிதானமாகத் தைத்தாள்.

"எழுதினவர திட்டாதீங்கமா," என்றாள். "பாவம், மொத பாகம் எழுதும்போது அவரு அஞ்சாம் பாகத்த படிச்சிருக்க மாட்டாரு."