பட்டறையில் தொங்கிய பிலிம்

இரண்டு வருடம் முன்பு, தீராத தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் என் மூளையில் ஒரு கட்டி தெரிந்தது. "கேன்சர் இல்லைங்க" என்று டாக்டர் சொன்னதும் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு அந்த பிலிமை நான் மறந்தே போனேன்.

போன மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். "கேன்சர் இல்லைன்னாலும், கட்டி வளர்ந்திருந்தா ரேடியேஷன் கொடுத்திரலாம். வளரலைன்னா வேண்டாம். பழைய பிலிமைக் கொண்டாங்க" என்றார் டாக்டர். வீடு முழுக்கத் தேடினேன். நாமக்கல்லில் லாரிகளுக்கு எழுத்து எழுதும் என் கணவர், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "அதை லாரியில பெயின்ட்டுல நம்பர் அடிக்க அச்சா வெட்டிட்டேன் புள்ள" என்றார். போய்ப் பார்த்தால், நடுவில் எட்டாம் நம்பர் ஓட்டையோடு என் மூளை பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. "ரேடியேஷனே கொடுக்கட்டுங்க, இனி அலைய முடியாது" என்றேன். அவர் கேட்காமல், முதலில் ஸ்கேன் எடுத்த சேலத்து ஸ்கேன் சென்டருக்கே ஓடினார். நல்லவேளையாக அங்கே கம்ப்யூட்டரில் பழைய படம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்ட டாக்டர், "வளரலைங்க. இப்போதைக்கு ரேடியேஷன் வேண்டாம். வருசம் ஒருக்கா பார்த்துக்கலாம்" என்றார்.

இப்போது என் பிலிம்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். அச்சு வெட்ட யாராவது பழைய பிலிம் கொடுத்தால் என் கணவரிடம், "அவிங்களுக்கு முழுசாக் குணமாயிருச்சான்னு கேட்டுட்டு வெட்டுங்க" என்கிறேன்.