உருளையிலிருந்து கையை எடு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். கதை கட்டிப் பிழைக்க வேண்டிய நிலை எனக்கில்லை. நான் மெக்கானிக். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அதுவும் நள்ளிரவில் இல்லை, பட்டப்பகலில். அந்த உருளை இன்றும் என் ஷெட்டில்தான் இருக்கிறது. தைரியமிருந்தால் வந்து பாருங்கள்.

என் தம்பி கார் பந்தயம் ஓட்டுபவன். அவன் காரின் சக்தியை அளக்க ஒரு இயந்திரம் தேவைப்பட்டது. "பொம்பளை வீட்டு ஷெட்ல செய்யற வேலையா இது?" என்று பெரிய ஒர்க்‌ஷாப்காரர் சிரித்தார். செய்து காட்டுகிறேன் என்று அன்றே இறங்கிவிட்டேன். பழைய இரும்புக் கடையில் முக்கால் டன் உருளை ஒன்று கிடைத்தது. தரையில் குழி வெட்டி, இருபுறமும் பேரிங் வைத்துப் பொருத்தினேன். காரைப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, பின்சக்கரங்களை உருளைமேல் வைத்து ஓட்டினால் கார் நகராது, உருளைதான் சுற்றும். அது எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பதை வைத்து கம்ப்யூட்டர் சக்தியைச் சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ரோடு போடப் போறியா?" என்றார். அவர் கிடக்கிறார்.

ஞாயிறு மதியம் 2.10. சில நாள் மெதுவாகச் சுற்றிப் பார்த்தபின், சக்தியை அளக்கும் முதல் ஓட்டம். தம்பி காருக்குள், நான் கம்ப்யூட்டர் முன். ஷெட் கதவு உள்தாழ்ப்பாள்.

உருளைக்கு பிரேக் கிடையாது. தானாக நிற்கச் சில நிமிடமாகும். தம்பிக்கு அந்தப் பொறுமை இல்லை. வேகம் குறைந்ததுமே இறங்கி, உள்ளங்கையால் அழுத்தி நிறுத்துவான். எத்தனை திட்டினாலும் கேட்க மாட்டான்.

அன்று வேகம் குறையத் தொடங்கியதுமே உருளை சட்டென்று நின்றது.

"மறுபடி கையை வெச்சியா?"

"நான் இறங்கவே இல்லக்கா."

இரண்டாவது ஓட்டம். திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு நடுவில் பள்ளமாக விழுந்தது. கூடவே ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... உள்ளங்கை வழுக்குகிற சத்தம்.

நின்றதும் குனிந்து பார்த்தேன். உருளைமேல் எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டு கைத்தடங்கள். என் கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரலும் என்னுடையதைவிட ஒரு கணு நீளம். தம்பி கை என் கை அளவுதான்.

"அக்கா, போதும். வா, போயிடலாம்."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம். வெல்டிங் பொறியில் கையைச் சுட்டுக்கொண்டு நான் செய்ததை எவனோ தொட்டுக் கெடுப்பதா?

"யாரா வேணா இரு! என் உருளையிலேருந்து கையை எடு!" என்று கத்தினேன். "நீ மிதிடா. முழுசா!"

மிதித்தான்.

திரையில் வேகம் நூற்றறுபது... நூற்றுத் தொண்ணூறு... இருநூறு...

டொம்!

உருளை நின்றுவிட்டது. ஒரே நொடியில்.

எஞ்சின் அணைந்தது. டயர் புகை. அதற்குள் இன்னொரு வாடை... தோல் கருகும் வாடை.

தம்பியை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, நான் மட்டும் டார்ச்சுடன் குழிக்குள் இறங்கினேன். பேரிங்கைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டில் மூன்று அறுந்து கிடந்தன. நான்காவதில் பாதி விரிசல். இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் உருளை பிய்த்துக்கொண்டு தம்பியின் முதுகில் ஏறியிருக்கும்.

இரும்புக் கடைக்காரருக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"திருப்பிக் குடுத்துடும்மா. நானே வந்து எடுத்துக்கறேன்."

"முடியாது. எங்கேருந்து வந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

"பேப்பர் மில்லும்மா. அண்ணன் தம்பி ரெண்டு பேர் வேலை பாத்தாங்க. தம்பியோட சட்டை இந்த உருளையில சிக்கி உள்ள இழுத்துடுச்சு. அண்ணன்காரன் ரெண்டு கையையும் வெச்சு நிறுத்தப் பாத்தான்..."

கேட்டேன்.

"நின்னுதா?"

"அன்னிக்கு நிக்கலம்மா."