வறுத்த தூளும் துருக்கி அன்ரியும்

எங்கள் அம்மா மிளகாய்த்தூள் வறுத்ததற்குத் தீயணைப்பு வண்டி வந்தது என்பதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. வேலைத்தளத்தில், கலியாண வீடுகளில், என் புருஷன் வீட்டாரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பாரிஸ் லாச்சப்பலில் தமிழர் கடைக்குக் கடை தூள் பக்கெற்றுகள் அடுக்கியிருந்த காலத்திலும், கடைத்தூளில் கறி வைப்பதைவிடக் கறி வைக்காமலே இருக்கலாம் என்று நின்றவர் அம்மா. அந்தப் பிடிவாதத்தில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோவுக்குக் கிட்ட, பழைய கட்டடம் ஒன்றின் முதலாம் மாடியில் இருந்தோம். மாடியில் இரண்டே கதவுகள். ஒன்று எங்களுடையது, நேரெதிரே இருந்தது துருக்கி அன்ரியுடையது. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை. அவரும் அம்மாவின் பெயரைக் கேட்டதாக நினைவில்லை. அவருடைய கணவர் கட்டட வேலைக்குப் போய்விடுவார். அன்ரி வீட்டிலிருந்தபடி கோட்டுகளுக்கு உள்துணி தைப்பார். பகல் முழுக்க அவருடைய மெஷின் சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கும்.

அந்த மனிசி எங்களை விட்டுவைக்கவில்லை. அம்மா படிக்கட்டைத் துடைத்தால் கதவைத் திறந்து துருக்கியில் ஏதோ சொல்வார். வேலை இலகுவாய் முடியட்டும் என்று வாழ்த்துகிறாராம். அம்மா வடை கொடுத்தால், உன் கைக்குச் சுகம் உண்டாகட்டும் என்பார். தட்டம் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து அங்கே போனால் இரண்டு நாளில் திரும்பி வரும், நிரம்பி வரும். கோதுமையும் கடலையும் உலர்ந்த பழங்களும் போட்டுக் காய்ச்சிய ஒரு பாயசம், கீரை வைத்துச் சுருட்டிய ரொட்டி, ஒன்றும் இல்லாவிட்டால் நாலு தோடம்பழமாவது இருக்கும். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது அவருடைய ஊரில் பெரிய மரியாதைக்கேடு. அது எங்களிலும் உள்ள வழக்கம்தான் என்பதால் அம்மாவும் விடவில்லை. இப்படி ஒரே தட்டம் இரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் அம்மா அவருக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் எதற்கெடுத்தாலும் மெர்சி சொல்லப் பழக்கியிருந்தார்கள். அதனால் ஒருமுறை நான் அம்மாவைக் கேட்டேன்.

“நன்றி பிறத்தியாருக்குத்தான் சொல்லுறது. கிட்ட இருக்கிற ஆக்களுக்குச் சொன்னால் அவையளைத் தள்ளி வைக்கிற மாதிரி” என்றார் அம்மா.

எங்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. அந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், கொன்ட்ரா, அப்பாவின் பெயரில் இல்லை. தூரத்து உறவுக்காரர் ஒருவர் தன் பெயரில் எடுத்து எங்களுக்கு விட்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரருக்கு அது தெரியும். பிரச்சினை வராதவரை தெரியாத மாதிரி இருந்தார். பிரச்சினையோ மணத்தில் வந்தது. கருவாடு பொரித்ததற்கு ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கு இன்னொன்று. வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால் கடிதங்களை நான்தான் தமிழில் சொல்வேன். தாங்க முடியாத துர்நாற்றம் என்று எழுதியிருந்ததை, வாசம் கொஞ்சம் கூடவாம் என்று சொன்னேன். ஆனால் இரண்டாவது கடிதத்தின் கடைசி வரியை மாற்ற எனக்குத் துணிவு வரவில்லை. இன்னொரு முறைப்பாடு வந்தால் வீட்டை விட வேண்டியிருக்கும் என்று அதில் இருந்தது. அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். அவர் வேலை செய்த ரெஸ்ரோரன்ட் நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. என் பள்ளிக்கூடம் தெருமுனையில். அந்த விலாசத்தை வைத்துத்தான் எங்கள் விசாக் கடுதாசிகளெல்லாம் போயிருந்தன.

இவ்வளவும் தெரிந்த அம்மாதான் ஒரு புதன்கிழமை பின்னேரம் தூள் வறுத்தார். கட்டடத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். மல்லி, சீரகம், மிளகு வரைக்கும் ஒரு சில்லெடுப்பும் இல்லை. முதல் தடவைக்கு வறுத்த மிளகாயைச் சேர்த்து இடித்தும் வைத்துவிட்டார். இரண்டாம் தடவைக்குச் செத்தல் மிளகாயைத் தாச்சியில் போட்டபோது தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து சின்னம்மா. ஊரிலிருந்து வரும் அழைப்பை அந்தக் காலத்தில் யாரும் வைக்க மாட்டார்கள். அம்மா கதைத்து முடிய மிளகாய் கறுத்துவிட்டது. குசினிக்குள் நிற்க முடியவில்லை. யன்னலைத் திறந்தால் முற்றத்தில் காய்கிற மற்றவர்களின் உடுப்பில் பிடித்துவிடும் என்று, அம்மா படிக்கட்டுப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் காரம் ஐந்து மாடிக்கும் ஏறியது.

முதலில் மேலே யாரோ தும்மினார்கள். பிறகு எல்லோரும் தும்மினார்கள். வேலைக்குப் போகாத ஆட்கள் இத்தனை பேர் அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டாம் மாடி மதாம், காஸ் கசிகிறது என்று தீயணைப்புக்கு அறிவித்துவிட்டார். தலைக்கவசம் போட்ட நாலு பொம்பியே வந்து, இருமி, கண்ணைத் துடைத்து, ஒன்றும் இல்லை என்று போய்விட்டார்கள். அதற்குள் அம்மா தாச்சியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். இடித்து வைத்திருந்த முதல் தடவைத் தூள் மட்டும் ஒரு பேசினில், துணி போட்டு மூடியபடி, மேசைக்குக் கீழே இருந்தது.

ஆறு மணிக்குக் கட்டட நிர்வாகத்தின் ஆள் வந்தார். கையில் ஒரு கோப்பு. இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்க முதல் எதிர்க்கதவு திறந்தது.

துருக்கி அன்ரியின் கழுத்தில் இன்னும் தையல் அளவுநாடா தொங்கியது. “என் வீடு. மிளகாய். நான் சுட்டது. மன்னிக்கவும், மிஸ்யூ” என்றார், தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில். உள்ளே ஓடிப்போய் ஒரு பை நிறையச் சிவந்த மிளகாயும் எடுத்துவந்து காட்டினார். அவருடைய ஊரும் மிளகாய் தின்கிற ஊர்தான். ஆள் நம்பிவிட்டார். அந்த வீட்டுக் கொன்ட்ரா கணவரின் பெயரிலேயே இருந்தது, அவர்கள்மேல் முன்பு ஒரு முறைப்பாடும் இல்லை. ஒரு கடிதத்தோடு அவர்களுக்கு முடிந்திருக்கும். அம்மாவுக்குப் பிரெஞ்சு விளங்காது, ஆனால் நடந்தது விளங்கிவிட்டது. என் தோளை அமத்தினார். பேசாமல் இரு என்று அர்த்தம்.

நான் பேசாமல்தான் நின்றேன். ஆனால் அந்த ஆள் எழுதிக்கொண்டே இருந்தார். இந்த நாற்றம் என்றார். இப்படியொரு நாற்றத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். இது என்ன, எலி மருந்தா என்றும் கேட்டார். அவர் ஒவ்வொன்று சொல்லும்போதும் துருக்கி அன்ரி தலையைக் குனிந்து, ஓம், நாற்றம், மன்னிக்கவும் என்றார்.

எங்கள் அம்மாவின் தூளை அவன் எப்படி நாற்றம் என்று சொல்லலாம்? அதற்கு இன்னொருத்தி எப்படி மன்னிப்புக் கேட்கலாம்? அம்மாவின் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினேன். மேசைக்குக் கீழிருந்த பேசினைத் தூக்கிவந்து அந்த ஆளின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இது எங்கள் வீட்டுத் தூள். என் அம்மா வறுத்தது. இது நாற்றம் இல்லை. உங்களுக்குத்தான் மணக்கத் தெரியாது” என்றேன். பாரிஸில் பிறந்த பிள்ளையின் பிரெஞ்சு, ஒரு பிழையும் இல்லை. அவர் ஒருமுறை தும்மினார். பிறகு எழுதியதை வெட்டிவிட்டு, எங்கள் கதவிலக்கத்தைக் கேட்டுத் திருப்பி எழுதினார்.

அந்த மாதக் கடைசியோடு வீடு போயிற்று. பாரிஸுக்கு வெளியே எபினேயில் ஒரு வீடு கிடைத்தது. அப்பா அதன்பிறகு பல வருடம் வேலைக்குப் போகவும் வரவும் இரண்டு பஸ் மாறினார். அவர் என்னை ஏசவில்லை. “அவள் பொய் சொல்லேல்லையே” என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். அம்மா மட்டும், “உன்னை ஆர் பிள்ளை கதைக்கச் சொன்னது” என்று நாலைந்து நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

யாரும் சொல்லவில்லை. அந்த ஆள் இன்றைக்கு வந்து கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். முப்பத்திரண்டு வயதாகிறது, இதில் மட்டும் எனக்கு வெட்கம் வரவில்லை. வெட்கம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

வீடு மாறுவதற்கு முந்தின கிழமை முழுவதும் துருக்கி அன்ரி தட்டம் அனுப்பினார். நான் தொடவில்லை. எங்கள் தூளைத் தன்னுடையது என்று சொன்னவர், அதை நாற்றம் என்றும் ஒத்துக்கொண்டவர். பத்து வயது மூளைக்கு அவர் செய்தது அப்படித்தான் பட்டது. அம்மா என்னைக் கூப்பிட்டு, அவரிடம் போய் மெர்சி சொல்லிவிட்டு வரச் சொன்னார். தனக்குப் பிரெஞ்சு வராது, நீயே வடிவாய்ச் சொல்லு என்றார்.

“நன்றி பிறத்தியாருக்குத்தான் எண்டு நீங்கள்தானே அம்மா சொன்னீங்கள்” என்றேன்.

அம்மா பெட்டி கட்டப் போய்விட்டார். ஆக, அந்த நன்றியை எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவின் சிநேகிதர் ஒரு வெள்ளை வான் கொண்டுவந்தார். சாமான் எல்லாம் ஏற்றி, சிநேகிதர் ஓட்ட, முன்சீற்றில் அப்பாவும் அம்மாவும் நானும் நெருங்கி இருந்தோம். எனக்கு யன்னல் பக்கம். வான் உறுமியது, ஆனால் முன்னால் மரக்கறிக் கடை லொறி ஒன்று வழியை மறித்துக்கொண்டு சாமான் இறக்கியது. அப்போது துருக்கி அன்ரி கீழே இறங்கி வந்தார். கையில் நீலப் பிளாஸ்ரிக் ஜக். எங்களிடம் வரவில்லை. நேரே வானுக்குப் பின்னால் போய், ஜக்கிலிருந்த தண்ணீரைத் தெருவில் ஊற்றினார்.

அம்மா அதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. எங்களில் ஒருவர் பயணம் போனால் அன்றைக்கு வீட்டைக் கூட்டக்கூட மாட்டார்கள். ஆள் வெளிக்கிட்ட கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவுவது ஒரேயொரு பயணத்துக்குத்தான், பிரேதம் போன பிறகு.

“கண்டியளே. செத்தவீடு மாதிரிக் கழுவி விடுறா” என்றார் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பேசாமல் இரும்” என்றார் அப்பா. அம்மா அழுவதை நான் அதுவரை கண்டதில்லை.

இப்போது நான் ருவாசி விமான நிலையத்தில் வேலை செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு, புறப்பாட்டு வாசலில் ஒரு கிழவி, மகன் உள்ளே போனதும் போத்தல் தண்ணீரை அப்படியே நிலத்தில் கவிழ்த்தார். துப்புரவுக்காரர் ஏசினார். என்னோடு வேலை செய்யும் துருக்கிப் பெண் அவரைச் சமாதானம் செய்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். போகிறவருக்குப் பின்னால் ஊற்றுவார்களாம். தண்ணீர்போலத் தடையில்லாமல் போ, தண்ணீர்போலத் திரும்பி வா என்று அர்த்தமாம். அன்று வேலை முடிந்ததும் பழைய கட்டடத்துக்குப் போனேன். முதலாம் மாடியில் இரண்டு கதவிலும் புதுப் பெயர்கள். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு, “அப்ப எனக்கு ஆர் சொன்னது” என்று கோபமாய்க் கேட்டார். சுளகில் கிடந்த மிளகாய்க் காம்புகளை வெகுநேரம் கிளறிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அம்மா அழுகிறார் என்பது மட்டும். நான் யன்னல் கண்ணாடியை இறக்கி, இடுப்பு வரைக்கும் வெளியே எட்டி, துருக்கி அன்ரியைப் பார்த்துப் பிரெஞ்சில் கத்தினேன்.

“நாங்கள் இன்னும் சாகவில்லை.”

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். லொறிச் சத்தமோ, பிரெஞ்சோ, அவருக்கு எட்டவில்லை. என் முகம் அழுது சிவந்திருந்ததை மட்டும் கண்டிருப்பார். பொறு என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினார். வெட்கப்பட்டு ஒளிக்கிறார் என்று நினைத்தேன். லொறி நகர்ந்து, எங்கள் வான் மெல்ல உருளத் தொடங்கியபோது படியிறங்கி வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு, ஜக் ததும்பத் ததும்ப. இந்த முறை என்னைப் பார்த்தபடியே நடந்துவந்து, எங்களுக்குப் பின்னால், கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார்.

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.