குமரனுக்கு எத்தனை அம்மா?

ஒரே குழந்தையை ஒரே காலையில் நான்கு முறை எடை போட்டிருக்கிறீர்களா? நான் போட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்பு, மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில்.

நான் ஆய்வுக்கூட டெக்னீஷியன். புதன்கிழமைதோறும் கிளினிக் வேனில் எஸ்டேட்டுக்குப் போவேன். ரத்தம் எடுப்பது, குழந்தைகளை எடை போடுவது, இரண்டையும் எழுதி வைப்பது — இவை என் வேலை.

அதே வேனில் ஸ்டெல்லா மிஸ்ஸும் வருவார். கவுன்சலர். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகையின் பின்பக்கம் உட்கார்ந்து, வீட்டில் அடி வாங்கும் பெண்களிடம் பேசுவார். சம்பளம் கிடையாது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, தரலாமா என்று அரசாங்கம் முடிவு செய்யும். இல்லை என்றால் மிஸ் வருவதும் நின்றுவிடும்.

ஆனால், "புருஷன் அடிக்கிறான், பேசிட்டு வர்றேன்" என்று எந்தப் பெண் வேலை வாங்கும் மண்டோரிடம் அனுமதி கேட்பாள்? குழந்தையை எடை போட என்றால் ஒரு மணி நேரம் விடுவார்கள். ஆகவே கைக்குழந்தை இல்லாதவர்கள்... இரவல் வாங்கினார்கள்! அதிகம் இரவல் போனவன் குமரன். ஐந்து மாதக் குண்டுப் பயல். யார் தூக்கினாலும் அழமாட்டான். தூக்கி வந்த நால்வரும் வேறு வேறு மண்டோரிடம் வேலை செய்பவர்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தராசில் ஏறியதை எழுதாமல் விட என் படிப்பு இடம் தராது. குமரன் பெயரில் நான்கு வரி, அம்மா என்ற இடத்தில் நான்கு பெயர் — எழுதினேன். 7.2. 7.2. பால் குடித்த பிறகு 7.3 கிலோ. நான்காவது முறை தராசையே நனைத்துவிட்டான் — மறுபடியும் 7.2.

அந்தப் பதிவேட்டைத்தான் அறிக்கையோடு மேலே அனுப்பினேன். தப்பு என்னுடையது.

அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். மலாய்க்கார அம்மையார்; எல்லோருக்கும் 'புவான்'. "இதில் குழந்தைகளின் எடைதான் இருக்கிறது. அடிபட்ட பெண் ஒருத்திகூட இல்லையே? எதைக் காட்டி நான் பணம் கேட்பது?"

நியாயமான கேள்வி. பெண்களைக் காப்பாற்றப் போட்ட திரை, அவர்களையே மறைத்துவிட்டது. பெயர் சொல்வதில்லை என்று ஸ்டெல்லா மிஸ் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"இந்தக் குமரனுக்கு எத்தனை அம்மா?"

அதிகாரி பதிவேட்டில் விரலை வைத்து என்னிடம் கேட்டார். வரிசையில் குமரனோடு நின்ற ஒருத்தி — லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம் — முன்னால் வந்தாள். அவளுடைய மண்டோர் வாசலிலேயே நின்றார். அவள் சொல்வது அன்று மாலையே புருஷன் காதுக்குப் போகும். அவளுக்கும் தெரியும்.

"ஒரே அம்மாதான் புவான். அது நான் இல்ல," என்றாள் தோட்டத்து மலாயில். "எம் புருஷன் அடிச்ச அடியில எனக்கு வயித்துல ரெண்டு தங்கல. இவனத் தூக்கிட்டு வந்தாத்தான் மிஸ்கிட்ட பேச முடியுது."

"ஏய் லெட்சுமி! வீட்டு விஷயத்த இங்க ஏன்லா பேசுற?"

"வீட்டுல பேசுனா அடி விழுதே மண்டோரே!"

அதிகாரி பேனாவை மூடினார். குமரனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "உட்கார், சொல்" என்றார்.

அன்று லெட்சுமி வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனாள். அடையாளக் கார்டு, மாற்றுத் துணி, போலீசில் சொல்ல வேண்டியவை — எல்லாவற்றையும் மிஸ்ஸும் அவளும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். பட்டியல் போடுவதில் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேனே! கவுன்சலிங் என்றால் உட்கார்ந்து அழுவது என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

போன வாரம் கடிதம் வந்தது. ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு அரசாங்கச் சம்பளம். எஸ்டேட் கிளினிக்கில் கதவுள்ள ஓர் அறை. நிர்வாகமும் இறங்கி வந்தது — புதன்கிழமை எந்தப் பெண் கேட்டாலும் ஒரு மணி நேரம் விட வேண்டும். லெட்சுமி வாய் திறந்ததால் வந்த அறை இது. எனக்கு ஏற்பட்ட பெருமையை எந்தத் தராசில் வைப்பது?

இன்னும் அக்காள் வீட்டிலிருந்தே வேலைக்கு வரும் அவள்தான் நேற்று முதல் ஆளாக மண்டோர் முன்னால் போய் நின்றாள்.

"மிஸ்கிட்ட பேசப் போறேன்."

மண்டோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரந்தான் லா."

"ஒம்போது வருசக் கதை, மண்டோரே. ஒரு மணி நேரம் எப்படிப் பத்தும்?"