அண்டாவும் அட்டைப்படமும்

நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் டவுன்ஹவுஸுக்கு அடுத்த வீட்டில் ஒரு இங்கிலாந்துக்காரர் இருந்தார். எண்பதைத் தாண்டியவர், மகளோடு வந்து தங்கிவிட்டவர். படம் வரைந்தே பிழைத்தவர். முதலில் சோப்பு விளம்பரங்கள், பத்திரிகைக் கதைகள். யுத்தம் வந்ததும் அரசாங்கம் கையில் பென்சிலைக் கொடுத்து பர்மாவுக்கு அனுப்பியது. சண்டையை வரையச் சொன்னார்கள். அவர் வரைந்ததோ உருளைக்கிழங்கு உரித்தவர்களையும் கொப்புளம் விட்ட கால்களையும். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்களாம். ஊர் திரும்பி நாற்பது வருடம் குழந்தைப் புத்தகங்களுக்கு வாத்து வரைந்தார். வாத்துகள் குறை சொல்வதில்லை என்பார்.

இதையெல்லாம் கேட்க எனக்கு நேரம் இருந்தது. வேலைக்குப் போக முடியாத விசாவில் வந்தவள் நான். உயிர்வேதியியலில் எம்.ஃபில். முடித்துவிட்டுப் பகலெல்லாம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் யாரென்று தெரிந்ததும் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "வெள்ளைக்காரர் வரைஞ்சா நம்ம சித்திரை மலருக்கே ஒரு வெயிட் வரும்" என்றார் தலைவர். பொங்கல் விழாவுக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, பார்த்ததை அட்டைக்கு வரைந்து தரச் சொன்னார்கள். அவர் பார்த்ததையே வரைவார் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

பார்க்க அங்கே என்ன இருந்தது? பொங்கல் போய் இரண்டு வாரம் கழித்து, ஹைஸ்கூல் கஃபெட்டீரியா வாடகைக்குக் கிடைத்த ஒரு சனிக்கிழமை. உள்ளே நெருப்பு கூடாது என்பதால் மேடையில் வெறும் பானை, அதன் வாயில் நுரைக்குப் பதில் பஞ்சு. தலைவர் கையைத் தூக்கியதும் அத்தனை இன்ஜினியர்களும் பஞ்சைப் பார்த்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். பேட்டரி குத்துவிளக்கை ஏற்ற டாக்டர் அம்மாக்கள். சாம்பார் அண்டா கழுவ, வீட்டில் 'சும்மா' இருக்கிற எங்களைப் போன்றவர்கள். அன்று மற்றவர்கள் பிள்ளையின் டான்ஸ் என்று நழுவிவிட்டார்கள். பின்வாசலில், குளிரில், அண்டா என் தலையில் விழுந்தது.

மார்ச்சில் படம் வந்தது. சங்கத்தின் செயலாளர் என் கணவர்தான் என்பதால் கமிட்டி எங்கள் வீட்டில் கூடியிருந்தது. படத்தின் தூரத்தில் திறந்த கதவு, மேடை வெளிச்சம், வரிசையாகப் பட்டுப்புடவை முதுகுகள். முன்னால், பட்டுப்புடவைமேல் குளிர்கோட்டோடு, முழங்கைவரை கையை அண்டாவுக்குள் விட்டபடி நான். முகத்தில் களைப்பு இல்லை, கோபம் இருந்தது. நான்கு வருடமாக என் கணவருக்குத் தெரியாத கோபம். அது அட்டையில் வர வேண்டும், வடக்கே பார்சிப்பனி ஊர் வரைக்கும் எல்லார் வீட்டு மேஜையிலும் கிடக்க வேண்டும் என்று அந்த நிமிடமே ஆசைப்பட்டேன். வேறெதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கவர்ல போயி பாத்திரம் தேய்க்கிறதப் போடுவாங்களா? மலர் இந்தியாவுக்கெல்லாம் போகுது. ஒரு கரும்பு, ஒரு மாடு, அழகா ஒரு பொண்ணு..." என்றார்.

நியூஜெர்சி பள்ளிக்கூடத்து கஃபெட்டீரியாவில் மாடு. யாரும் சிரிக்கவில்லை, தலையாட்டினார்கள்.

அவர்கள் போனதும் கணவர், "என் பொண்டாட்டிய வேலைக்காரி மாதிரி போட்டிருக்கார், எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றார். வேலைக்காரி மாதிரி கழுவியபோது அவருக்கு ஒரு மாதிரியும் இல்லை. "நீதான் அவர்கூட நல்லா பேசற. அந்தப் பொம்பளைய மட்டும் எடுத்துட்டு அங்க பானை போடச் சொல்லிடு."

அந்தப் பொம்பளை படத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். முடியாது என்று ஒரு வார்த்தை, என் கணவரிடமோ தலைவரிடமோ, நான் சொல்லவில்லை. அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் கிழியும். அதெல்லாம் மனதுக்குள்தான்.

கிழவர் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். "உனக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் படத்தைத் தொட்டிருக்க மாட்டார். எனக்கும் அது தெரியும். "ஆமாம், அதுதான் நல்லது" என்றேன்.

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. "பானை வேண்டுமானால் வரைகிறேன். ஆளை அழிப்பது என் வேலை இல்லை. வேண்டாம் என்பவர் செய்துகொள்ளட்டும்" என்று வெள்ளை வண்ணத்தையும் ஒரு பிரஷையும் என் பக்கம் நகர்த்திவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.

முதலில் முகத்தில் பூசினேன், பிறகு கைகளில். ஒரு பூச்சில் கண்கள் மறையவில்லை. காயும்வரை பொறுத்திருந்து இன்னொரு பூச்சு பூசினேன்.